ஓரம் கீறாத இரண்டு அட்டைகள்

தம்பி,

திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். தபாலை நம்பவில்லை. செல்வராஜ் இன்று சாயங்காலம் பாண்டுப்பில் உங்கள் அறைக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறைக்குள் இந்தத் தாள்களோடு இரண்டு அட்டைத் துண்டுகள் இருக்கும். அவற்றை இப்போது எடுக்காதே. முதலில் இதைப் படித்து முடி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். இந்தியில் எழுத எனக்கு வராது. மெதுவாகப் படி. மெதுவாகப் படிக்க வேண்டிய கடிதம்தான்.

மழை விடவில்லை. ஷெட்டில் பெயிண்ட் வேலை நின்றுவிட்டது. இந்த ஈரத்தில் அடித்தால் காயும்போதே பால் படிந்ததுபோல வெளுத்துவிடும், உனக்குத் தெரியாததா. உன் அப்பா ஒரு மட்கார்டை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் வாசலில், நிறம் கலக்கிற பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் சயான் பக்கம் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சிக்னல் தெரியும். பம்பாய் வந்த இத்தனை வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. நேற்றிலிருந்துதான் பார்க்கிறேன். சிவப்பு. வெகுநேரம் சிவப்பு. பிறகு பச்சை. ஒரு வண்டி போகிறது. மழை இருட்டுக்குப் பகலிலேயே உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்துக்குள் தலைகள். மறுபடி சிவப்பு.

நேற்று மத்தியானம் செல்வராஜ் சாப்பிட வந்தான். அவனைத் திட்டாதே. அவனுக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான். மீன் குழம்பைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கொட்டிவிட்டான்.

“அத்த, ஒங்க மவன் பெரிய ஆளு. புள்ளிப் புஸ்தகத்த பூராவும் மனப்பாடம் பண்ணிட்டான். தலகீழாத் தொறந்தாலும் நம்பர் சொல்லுதான்.”

“என்ன புஸ்தகம்ல அது?”

“கண் டெஸ்ட் புஸ்தகம். பக்கம் பக்கமா கலர் புள்ளி. அதுக்குள்ள நம்பர் ஒளிஞ்சு கெடக்கும். இவனுக்குத்தான் ஒண்ணும் தெரியலியே, அதனால...”

நாக்கைக் கடித்துக்கொண்டான். உன் அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்னல தெரியல?”

“ஒண்ணுமில்ல மாமா. கொழம்பு ஜோர்ன்னேன்.”

கை கழுவப் போனவனைக் கொல்லைப் பக்கம் பிடித்துக்கொண்டேன். புத்தகம் சரி, திங்கட்கிழமை ரயில்வே டெஸ்டில் விளக்கு வைத்தும் பார்ப்பார்களாமே, அதற்கு என்ன செய்வான் என்று கேட்டேன்.

“அதுக்கும் வழி வச்சிருக்கான் அத்த. செவப்பு அவனுக்கு மங்கலாத் தெரியுமாம். பச்ச வெள்ளையாத் தெரியுமாம். மங்குனா செவப்பு, மங்கலன்னா பச்ச. அவ்ளோதான். ரயில் ஓட்டுற மோட்டார்மேன் ஆயிட்டான்னு வச்சுக்கோங்க.”

“மழையில எல்லா வெளக்கும் மங்கத்தானல செய்யும்?”

கழுவின கையை மறுபடி கழுவினான்.

உன் கண்ணைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். எனக்கு எப்போது தெரியும் என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால், முறத்தில் மிளகாயைக் கொட்டி, சிவந்ததை மட்டும் பொறுக்கு என்றேன். பச்சையும் பழமும் கலந்து கிடந்தது. நீ ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாய். தோல் எப்படி இருக்கிறது, காம்பு எப்படி இருக்கிறது என்று. மிளகாயைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தப்பானதை எடுத்தால் என் முகம் மாறுகிறதா என்று. முகம் மாறினால் கீழே போட்டாய். கடைசியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் அண்ணன் அப்படித்தான் செய்வான்.

உன் மாமா குடித்துவிட்டுத் தோணி ஓட்டிச் செத்துப்போனான் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அவன் குடிக்கமாட்டான். தூத்துக்குடியில் சரக்குத் தோணியில் வேலை. தூரத்தில் நிற்கிற கப்பலிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கரைக்கு வருவார்கள். சுக்கான் பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தான். பாறைக்குச் சிவப்பு விளக்கு, வழிக்குப் பச்சை விளக்கு. இரண்டும் தெரிந்தால் எது இடது எது வலது என்று இடத்தை வைத்துப் பிடித்துக்கொள்வான். அன்று அந்தி மழையில் ஒரு விளக்குதான் தெரிந்தது. நீந்தி வந்தவர் என் அப்பாவிடம் வந்து சொன்னார்: “அண்ணாச்சி, வெளக்கு தெரியாமப் போகல. அவன் வெளக்கப் பாத்துத்தான் நேரா விட்டான்.” குடித்திருப்பான் என்று ஊர் சொன்னது. அப்பா அதையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கும் அதே கண்.

அப்பாவுக்கு. அண்ணனுக்கு. உனக்கு. எனக்கு இல்லை. ஆனால் என் வழியாக.

எனக்கு வந்தது அதற்கு நேர் எதிர். உன் அப்பா என்னைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு அழைத்து வந்தபோது தகரத்தைத் தட்டுவதில் கெட்டிக்காரர், நிறம் ஒட்டவைப்பதில் மட்டும் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவார். ஒருநாள் சோறு கொண்டுவந்த நான், “கொஞ்சம் நீலம் கூடிப்போச்சு” என்றேன். அன்றிலிருந்து இந்தப் பலகை என்னுடையது. சீட் தைக்கிற கடைக்காரர்கள் கலர்வாலி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வண்டியை வாங்குகிறவர்கள்தான் ஒரு காருக்கு ஒரு நிறம் என்று நினைப்பார்கள். ஒரே காரில் நாலு நிறம் இருக்கும். பானெட் வெயில் குடித்து வெளுத்திருக்கும். கதவின் கீழ்ப்பாதி ஒரு மாதிரி, மேல்பாதி ஒரு மாதிரி. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே, கம்பெனியில் அடித்த நிறம் புதுப்பெண் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக் கலக்கினால் தோற்றோம். கடையில் அதே நம்பர் டின் வாங்கி அடித்தாலும் தோற்றோம். ஒட்டுப்போட்டது ஊருக்கே தெரியும். எந்த இடத்தில் அடிக்கிறோமோ, அதை ஒட்டியிருக்கிற தகரம் இன்றைக்கு என்ன நிறத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதிலும் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் அடர்ந்து இன்னொரு நிறம், தேய்த்து மெருகேற்றினால் மூன்றாவது. பல்பு வெளிச்சத்தில் ஒன்றிப்போனது காலை வெயிலில் தனியாக முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் கலந்ததும் அட்டையில் தடவி, காயவைத்து, மறுநாள் காலையில் வண்டியின் மேல் வைத்துப் பார்க்காமல் நான் சரி என்று சொல்லமாட்டேன். அந்த அட்டைகளைத்தான் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறோம்.

நீ ஷெட்டுக்கு வர ஆரம்பித்தபோது அந்த அட்டைகளின் ஓரத்தில் பிளேடால் கீறி வைத்தேன். டின் மூடிகளின் விளிம்பில் அரத்தால் ராவி வைத்தேன். பச்சை வகைக்கு ஒன்று, சிவப்பு வகைக்கு இரண்டு. இருட்டு ஷெட், சட்டென்று எடுக்கலாம் என்றேன். உன் அப்பா தலையாட்டினார். அடுத்த நாளே உன் விரல் மூடியைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தேன். யாரோடாவது பேசிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டிராம் ஓடுவது நின்ற வருடத்து மழையில் மாட்டுங்கா நாராயணன் சாரின் வண்டி வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர், பழைய வண்டி, பாட்டில் பச்சை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கைவண்டி இடித்து முன்கதவு உள்ளே போயிருந்தது. மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தட்டி நிமிர்த்தியது உன் அப்பா, பட்டி வைத்துத் தேய்த்தது நீ. நான் பச்சை கலந்தேன். சுலபமாக வரவில்லை. பின்கதவுக்குச் சேர்ந்தது பானெட்டுக்குச் சேரவில்லை. வெயிலும் முகம் காட்டவில்லை. கடைசியில் ஒரு காலை நேரத்தில் மேகம் விலகியது. அட்டையைப் பின்கதவின் மேல் வைத்தேன். அட்டை அதோடு ஒன்றிக் காணாமல் போனது. டின்னை மூடி, ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அலமாரியில் வைத்துவிட்டு, உன் சித்தியின் பிரசவத்துக்காகச் செம்பூர் போனேன்.

நான் இல்லாதபோது ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. முழங்காலுக்கு. அலமாரி சாய்ந்து டின்கள் மிதந்தன, மூடிகள் கழன்றன. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்து உதவினார்கள். திறந்து கிடந்ததையெல்லாம் கைக்கு வந்த மூடியால் மூடி மேலே ஏற்றினார்கள். நல்ல மனது. என் பச்சையின் மூடி, ஒரு டெம்போவுக்கு அடித்து மிச்சமிருந்த மெரூனின் தலையில் உட்கார்ந்தது.

தண்ணீர் வடிந்து, மழை இரண்டு நாள் ஓய்ந்தது. பெயிண்ட் காய நல்ல வெயில். உன் அப்பா என்னை அழைத்துவரச் செம்பூர் வந்தார். நீ தனியாக இருந்தாய். விரலால் தடவி எடுத்தாய். கலக்கினாய், தின்னர் விட்டாய், தூசி அடங்கச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாய், கதவை அடித்தாய். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கதவை நான் மறக்கமாட்டேன். இந்த ஷெட்டில் அதுபோல ஒரு கதவு விழுந்ததில்லை. ஒரு தூசி இல்லை. ஒரு வழிசல் இல்லை. கண்ணாடி. அதில் உன் அப்பாவின் குடை தெரிந்தது, என் முகம் தெரிந்தது. மெரூனில்.

துருவுக்கு அடியில் அடிக்கிற சிவப்புப் பூச்சு என்று நினைத்து, உன் அப்பா குடையை உதறிக்கொண்டே சொன்னார். “பரவால்லியே. பிரைமர் நல்லா விழுந்திருக்குல. மேல் கோட்டு எப்ப அடிக்கப் போற?”

“மேல் கோட்டுதாம்ப்பா அது.”

அவர் சிரித்தார். நீ வேடிக்கை பேசுகிறாய் என்று நினைத்தார். உன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. நீ என்னிடம் திரும்பினாய்.

“எம்மா, மூட்டு தெரியுதா பாரு.”

நான் என் முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீ அன்று முறத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்த அதே கண்களால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாறியதைப் பார்த்தாய். எது தப்பு என்று மட்டும் உனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நாராயணன் சார் டாக்ஸியிலிருந்து இறங்கினார்.

“ராம ராமா. என்ன ஓய் இது? பச்சைக் காரைன்னா விட்டுட்டுப் போனேன்? மாப்ளைக்கு எந்தப் பக்கம் ஏறணும்னு அடையாளம் பண்ணி வச்சிருக்கேளா?”

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். ஒருவன் எழுந்தே வந்துவிட்டான். உன் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீ முந்திக்கொண்டாய். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டிக் காட்டினாய்.

“தொட்டுப் பாருங்க சார். மூட்டே தெரியாது.”

நாராயணன் சார் குடையை இறக்கிவிட்டார். மழை அவர் தலையில் விழுந்தது. ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார். “அம்பி, நெஜமாவே நோக்குத் தெரியலையா?”

மறுநாள் நாங்கள் அதைச் சுரண்டித் தேய்த்து, பச்சை அடித்துக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு வண்டி போயிற்று. உன் அப்பா ஷெட்டில் ட்யூப்லைட் மாட்டினார். “வெளிச்சம் போதல, அதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இன்றைக்கும் அதையே சொல்வார். அவரால் அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. அவரை அங்கேயே விட்டுவிடு.

பக்கத்துக் கடைப் பையன்கள் உனக்கு லால்-ஹரா, சிவப்பு-பச்சை என்று பெயர் வைத்தார்கள். “ஏ லால்-ஹரா, சாய் கொண்டா.” “ஏ லால்-ஹரா, ரெட் சட்ட போட்டுருக்கேனா க்ரீன் சட்டையா, சொல்லு.” நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே எதையோ உள்ளே வைத்துப் பூட்டினாய். பிறகு ஷெட்டுக்கு வருவது குறைந்தது. பிறகு பாண்டுப். பிறகு செல்வராஜோடு சேர்ந்து எஞ்சின் வேலைக்கு மனு. நீ கட்ட நினைக்கிற செம்பூர்ப் பெண்ணின் அப்பா, கார் பெயிண்ட்காரனுக்குப் பெண் இல்லை, சர்க்கார் உத்தியோகம் என்றால் பேசலாம் என்று சொன்னார். அதற்காகத்தான் போகிறாய் என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சர்க்காரில் எத்தனையோ உத்தியோகம் இருக்கிறது. டிக்கெட் கொடுக்கலாம். கணக்கு எழுதலாம். பட்டறையில் இரும்பு பார்க்கலாம். அத்தனையையும் விட்டுவிட்டு, சிவப்பையும் பச்சையையும் பார்த்து ஓட்டுகிற ஒரே வேலையை நீ எடுத்திருக்கிறாய். அது அந்தப் பெண்ணுக்காக இல்லை, தம்பி. அந்தக் கதவுக்காக.

எனக்கு அது புரிகிறது. புரிவதால்தான் பயம்.

நேற்று செல்வராஜ் போன பிறகு நான் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை. பாலத்தின் மேல் நின்றேன். மழை. வண்டி வரும்போது எஞ்சின் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் தெரிவான், வெள்ளைச் சட்டை, ஒரு கை மட்டும். அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. வெறுமனே இருந்தது. அவன் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கிறான். அந்தப் புள்ளி என்ன சொல்கிறதோ அதைக் கை செய்கிறது. நடுவில் யோசனை இல்லை. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா, மங்குகிறதா மங்கவில்லையா என்று விசாரிக்க நேரம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மேலும் இல்லை கீழும் இல்லை. ஒரு விளக்குதான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு உன்னைப்போலப் பார்க்க முயற்சி செய்தேன். முடியவில்லை. எனக்கு அது சிவப்பாகவே இருந்தது. சிவப்பு என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. உனக்கு அது கத்தாது. மூலையில் உட்கார்ந்திருக்கிற மங்கலான ஒரு பொட்டு. மழை எல்லாவற்றையும் மங்கவைக்கும். புகை மங்கவைக்கும். கண்ணாடியில் வழிகிற தண்ணீர் மங்கவைக்கும். ஜூலை மாதத்தில் நம் ஷெட்டில் நல்ல பெயிண்ட்கூடப் பால் பூத்துப்போகிறதே, உன் விளக்குகள் எல்லாம் அப்படிப் பூத்துக்கொண்டு வரும். நீ எதை வைத்துச் சொல்வாய்?

பெண்கள் பெட்டி என் காலுக்குக் கீழே வந்து நின்றது. ஒருத்தி மடியில் கொத்தமல்லிக் கட்டை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருத்தி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். யாரும் எஞ்சின் பக்கம் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள். நானும் அந்தப் பெட்டியில்தான் செம்பூருக்கும் குர்லாவுக்கும் போய்வருகிறேன். ஒருநாளும் எஞ்சினைப் பார்த்ததில்லை.

நீ தேறிவிடுவாய். அதுதான் என் பயம். நீ கெட்டிக்காரன். மனப்பாடம் செய்வாய், முகங்களைப் படிப்பாய், டெஸ்ட் எடுக்கிறவரின் புருவம் அசைவதைக்கூட வைத்துச் சொல்லிவிடுவாய். முறத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து உனக்கு அதைப் பழக்கிவிட்டவள் நான்தானே. ஆனால் தண்டவாளத்துக்கு முகம் கிடையாது. தப்பான விளக்கை எடுத்தால் அது உன்னை நிமிர்ந்து பார்க்காது. மூடி மாறியதும் உனக்குத் தெரியாது. நல்ல மனதோடு யாரோ ஓடி வந்து மூடியிருப்பார்கள். நீ கண்ணாடி மாதிரி ஓட்டிக்கொண்டு போவாய். ஒரு குறை இருக்காது. வேறு நிறமாக மட்டும் இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், இதைப் புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பா தட்டி முடித்த தகரத்தில் அவருக்கே தெரியாத பள்ளத்தை உன் உள்ளங்கை கண்டுபிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு. அவர் அதை உன்னிடம் சொன்னதில்லை, என்னிடம் சொல்லியிருக்கிறார். “இவன் கை போற எடத்துக்கு என் கண்ணு போகலட்டி” என்றார், பொறாமையோடு. நிறம் அடிக்க ஆள் கிடைக்கும். நான் இருக்கிற வரைக்கும் நான் இருக்கிறேன். வேண்டாமா, இந்த ஷெட்டே வேண்டாமா, சரி. பட்டறை வேலைக்கு எழுதிப் போடு. செம்பூரில் பெண் கிடைக்காமல் போகலாம். நான் போய் அவள் அப்பாவிடம் பேசுகிறேன். அதற்கு முன்னால் அவளிடம் நீ பேசு. உன் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியுமா? அவள் என்ன நிறத்தில் சேலை கட்டி வந்தாள் என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா? சொல்லாமல் எப்படித் தப்பித்தாய்?

உன் மாமா செத்ததற்கு ஊர் ஒரு காரணம் சொன்னது. அவனோடு மூழ்கிப்போனவர்களுக்கு அந்தக் காரணமும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, நெடுநேரம் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். அப்பா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. நான் வாசலில் நின்றேன். என்ன பார்க்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் அங்கே வருவேன். டெஸ்ட் நடக்கிற இடம் எது என்று செல்வராஜிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உள்ளே வந்து சொல்லிவிடுவேனா என்று என்னைக் கேட்காதே. நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். உன்னை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிற அம்மாவாக என்னால் இருக்க முடியாது. உன்னைக் காட்டிக்கொடுக்கிற அம்மாவாக இருக்க முடியுமா, தெரியாது. வாசலில் நிற்க முடியும். நீ என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். என் முகத்தைப் பார்ப்பாய். பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது.

இப்போது அட்டைகளை எடு.

செல்வராஜை அறையை விட்டு வெளியே போகச் சொல். ஜன்னலுக்குப் போ. வெளிச்சம் நன்றாக வருகிற நேரமாகப் பார். இரண்டையும் நான் நேற்றுத்தான் தடவிக் காயவைத்தேன், ஈரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்து. ஒன்று நாராயணன் சாரின் வண்டி. மற்றது நீ அடித்த கதவு. எது எது என்று எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். யாருக்கும் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும். குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டு இதுதான் பச்சை என்று சொல்லலாம். பாதி தடவை சரியாகவே இருக்கும். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கும் அதே பாதிதான்.

இதைப் படிக்கும்போதே உன் கட்டைவிரல் ஓரத்தைத் தடவ ஆரம்பித்திருக்கும். எனக்குத் தெரியும். தடவிப் பார். நாலு பக்கமும் பார். இந்த முறை நான் கீறவில்லை.

அம்மா